பிளைவுட் வைத்தியம்

1930களில் பாரிஸ் அருகே ஸோடியாக் என்ற நிறுவனத்துக்கு வியாபாரம் மந்தமாகிக்கொண்டிருந்தது. வாயு நிரப்பிய வான்கப்பல்களைச் செய்வது அவர்கள் தொழில். விமானங்கள் வேகம் பிடிக்கப் பிடிக்க, வானத்தில் ஆடி அசைந்து போகும் அந்தப் பெரிய பைகளைச் சீண்டுவாரில்லை. ரப்பர் பூசிய துணியை வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் கைதேர்ந்த தொழிலாளர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பியர் டெப்ரூத்தெல் என்ற பொறியாளர் வானத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். இரண்டு பக்கமும் காற்றடைத்த தடித்த குழாய்கள், நடுவில் துணியாலான தரை. மிதந்தது. காற்றை இறக்கிச் சுருட்டி மூட்டையாகத் தூக்கிப் போகவும் முடிந்தது. ராணுவத்துக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் கடலில் பழுத்த மாலுமிகள் அதைப் படகுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர்கள் எண்ணத்தை மாற்ற ஒரு டாக்டர் தன் உயிரையே பணயம் வைக்க வேண்டியிருந்தது.

அலேன் பொம்பார் வடக்கு பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் வேலை பார்த்த இளம் டாக்டர். 1951ல் ஒரு மீன்பிடிக் கப்பல் விபத்தில் இறந்த நாற்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகளின் உடல்கள் அவருடைய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தன. அந்த வரிசையைப் பார்த்த பிறகு அவரால் பழையபடி இருக்க முடியவில்லை. கப்பல் கவிழ்ந்து தத்தளிப்பவர்களைப் பசியும் தாகமும் கொல்வதற்கு முன்பே பயம் கொன்றுவிடுகிறது என்று அவர் நம்ப ஆரம்பித்தார். நம்பியதை நிரூபிக்க அவர் தேர்ந்தெடுத்த வழிதான் விபரீதமானது. 1952 அக்டோபர் 19 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளிலிருந்து, சுமார் 15 அடி நீளமுள்ள ஸோடியாக் ரப்பர் படகில் ஒரு சின்னப் பாயைக் கட்டிக்கொண்டு, தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பினார்.

மீனைப் பிழிந்து சாறு குடித்தார். மழைநீரைப் பிடித்தார். கடல்நீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பார்த்தார். 65 நாட்கள் கழித்து, டிசம்பர் 23 அன்று, இருபது கிலோவுக்கும் மேல் எடை குறைந்து எலும்பும் தோலுமாக பார்படோஸ் தீவில் கரையேறினார். கடல்நீர் குடிப்பது பற்றி அவர் சொன்னதை மற்ற டாக்டர்கள் இன்றைக்கும் ஏற்பதில்லை. ஆனால் அவர் மிதந்து வந்த ரப்பர் படகின் மீது இனி யாரும் சந்தேகப்பட முடியாமல் போயிற்று. ஐரோப்பா முழுவதும் ரப்பர் படகுக்கு ஒரே மவுசு. ஆறு வருடம் கழித்து அந்த மவுசின் மேல் ஒரு பேரலை விழுந்தது.

1958 அக்டோபர் 3. பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் எத்தேல் என்ற ஊர். அங்கே ஆற்று முகத்துவாரத்தில் மணல் திட்டின் மேல் அலைகள் பயங்கரமாக உடையும். அந்த அலையில் உயிர்காப்பு ரப்பர் மிதவை தாக்குப்பிடிக்குமா என்று தொண்டர்களோடு சோதிக்கப் போனார் பொம்பார். மிதவை கவிழ்ந்தது. காப்பாற்ற வந்த உயிர்காப்புப் படகும் கவிழ்ந்தது. 9 பேர் செத்துப்போனார்கள். பொம்பார் பிழைத்தார். நடுக்கடலின் நீண்ட அலைகளில் அவரை 65 நாள் தாங்கியது ரப்பர். கரையோரத்தில் உடையும் அலை வேறு ஜாதி. அதற்கு மிதப்பது மட்டும் போதாது. அலையைப் பிளந்துகொண்டு வேகமாக வெளியேறவும் வேண்டும். அப்படி ஒரு ரப்பர் படகு அப்போது இல்லை. அதற்கான விடை வேல்ஸ் நாட்டின் ஒரு பழைய கோட்டையில், படகோட்டவே தெரியாத பையன்களுக்காகக் காத்திருந்தது.

அந்தக் கோட்டைக்கு செயின்ட் டோனட்ஸ் என்று பெயர். 1925ல் அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் அதை வாங்கி, ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு விருந்து வைத்தார். 1960ல் அது அந்தோனின் பெஸ் என்ற செல்வந்தரின் கைக்கு வந்தது. அவருடைய தந்தை ஏடன் துறைமுகத்தில் பெரிய வியாபாரி. திருபாய் அம்பானி இளைஞராக இருந்தபோது குமாஸ்தா வேலை பார்த்தது அந்த பெஸ் கம்பெனியில்தான். மகன் பெஸ் கோட்டையை வாங்கி, தானே வைத்துக்கொள்ளாமல், ஒரு விசித்திரமான பள்ளிக்கூடத் திட்டத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்.

திட்டம் கர்ட் ஹான் என்ற கல்வியாளருடையது. யூதர், ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933ல் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தவர். பின்னாளில் எடின்பரோ கோமகன் பிலிப் படித்த கோர்டன்ஸ்டன் பள்ளியை ஸ்காட்லாந்தில் நிறுவியவர். நேற்றுவரை எதிரிகளாக இருந்த நாடுகளின் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் படிக்கவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கூடவே ஒரு நிபந்தனை: எல்லோரும் பிறர் உயிரைக் காப்பாற்றும் வேலை ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். போரில் இளைஞர்கள் தேடும் சாகசத்தை மீட்புப் பணியில் தேடட்டும் என்பது ஹானின் கணக்கு. 1962 செப்டம்பரில் அட்லாண்டிக் கல்லூரி திறந்தபோது, பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் பல நாடுகளிலிருந்து வந்து இறங்கினார்கள். கடலையே பார்க்காதவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். கோட்டை வாசலிலோ உலகிலேயே ஏற்றவற்றம் மிக அதிகமான கடல்களில் ஒன்றான பிரிஸ்டல் கால்வாய். அங்கே கடல்மட்டம் பத்து மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். அந்தத் தண்ணீரில் பையன்களைப் பாய்ப்படகு ஓட்டவிட்ட தலைமையாசிரியர், வாத்தியாரே அல்ல.

டெஸ்மண்ட் ஹோர் கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்து ஓய்வு பெற்று நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். பொறியாளர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதை இன்னும் கொஞ்சம் சரியாகச் செய்யலாமே என்று கை பரபரக்கும் ஜாதி. அவருக்கு முன்னால் இருந்த கேள்வி எளிமையானது. கற்றுக்குட்டிகள் பாய்ப்படகு ஓட்டினால் கவிழ்ப்பார்கள். அதுதான் கற்றுக்கொள்ளும் வழி. கவிழ்த்தவனை அந்த நீரோட்டம் இழுத்துப் போவதற்கு முன்னால் ஓடிப்போய்த் தூக்க வேண்டும். கனமான மரப்படகை எடுத்துப் போனால், அலையில் அது ஆடும் ஆட்டத்தில் தண்ணீரில் கிடப்பவனின் மண்டை உடையும். கவிழ்ந்த சின்னப் படகும் நொறுங்கும். காற்றடைத்த ரப்பர் படகு என்றால் இடித்தாலும் வலிக்காது. பின்புறம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களோடு ரப்பர் படகுகள் வந்து சேர்ந்தன. இதே தலைவலி பிரிட்டன் முழுவதற்கும் வரப்போகிறது என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

1963 ஜனவரி, லண்டன் படகுக் கண்காட்சி. ஒரு சின்னப் பாய்ப்படகு கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது. டெய்லி மிர்ரர் பத்திரிகையின் ஆதரவில் வந்ததால் அதற்கு மிர்ரர் என்று பெயர். பாய்கூட அந்தப் பத்திரிகையின் சிவப்பு. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரோடு சேர்ந்து அதை உருவாக்கியவர் பேரி பக்னெல். வீட்டு மராமத்தை நாமே செய்துகொள்வது எப்படி என்று பி.பி.சி. தொலைக்காட்சியில் சொல்லிக்கொடுத்தவர். விக்டோரியா காலத்து வேலைப்பாட்டுக் கதவுகளின் மேல் அட்டைப்பலகையை அறைந்து மூடச் சொல்லி ஒரு தலைமுறையையே கெடுத்தவர் என்று பழமை விரும்பிகள் அவரை இன்னும் திட்டுவதுண்டு. ஆனால் படகு விஷயத்தில் அவர் செய்தது கெட்டிக்காரத்தனம். பிளைவுட் துண்டுகளைத் தாமிரக் கம்பியால் தைத்து, இடுக்குகளில் கண்ணாடி இழை நாடாவை ஒட்டிவிட்டால் படகு தயார். தச்சரே தேவையில்லை. விலை 63 பவுண்டு 11 ஷில்லிங்.

அதுவரை பாய்ப்படகு என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. இப்போது பஸ் டிரைவரும் பள்ளி ஆசிரியரும் வீட்டுக் கொட்டகையில் படகு கட்ட ஆரம்பித்தார்கள். மிர்ரர் மட்டும் காலப்போக்கில் 70,000க்கு மேல் விற்றது. படகு கட்டத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஓட்டத் தெரிந்திருக்கவில்லை. காற்றின் போக்கு தெரியாது, நீரோட்டம் தெரியாது, எப்போது திரும்ப வேண்டும் என்பது தெரியாது. கோடை விடுமுறையில் கரைக்கு எதிரேயே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கவிழ்ந்தார்கள். காற்று மெத்தையில் படுத்தபடி கடலுக்குள் போனவர்கள் தனிக்கணக்கு. அவர்களைக் காப்பாற்ற வேண்டிய அமைப்புக்கு விழி பிதுங்கியது.

அந்த அமைப்பு 1824லிருந்து இயங்கிவரும் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன், சுருக்கமாக ஆர்.என்.எல்.ஐ. மக்கள் தரும் நன்கொடையில், தொண்டர்களின் கையில் ஓடுவது. புயலில் உடைந்த கப்பலிலிருந்து மாலுமிகளை மீட்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவர்களுடைய படகுகள் பெரியவை, கனமானவை, மணிக்கு எட்டு கடல் மைல் வேகத்தில் ஊர்பவை. ஏழெட்டுப் பேர் ஓடிவந்து, உடுப்பு மாட்டி, படகை இறக்கிப் போய்ச் சேர்வதற்குள் கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் தத்தளித்தவர் மூழ்கியிருப்பார். ஆர்.என்.எல்.ஐ. அதிகாரிகள் பிரான்சுக்குப் போய் ரப்பர் படகுகளைப் பார்த்தார்கள். இரண்டு பேர் தள்ளினாலே தண்ணீரில் இறங்கும். மணிக்கு இருபது கடல் மைலுக்கு மேல் வேகம். 1963 கோடையில் சோதனையாகச் சில ஊர்களில் நிறுத்தினார்கள். தொடக்கத்திலேயே அப்படி ஒரு மீட்பு நிலையம் ஆன இடங்களில் ஒன்று துறைமுகமே அல்ல, ஒரு பள்ளிக்கூடம். அட்லாண்டிக் கல்லூரியின் பையன்கள், நேற்றுவரை கவிழ்ந்து தூக்கப்பட்டவர்கள், இப்போது ஊராரைத் தூக்கப் போனார்கள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது, படகின் அடிப்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்காதவரை.

செயின்ட் டோனட்ஸ் கரையில் மணல் கொஞ்சம். கூழாங்கல்லும் பாறையும்தான் அதிகம். படகை இறக்க ஒரு கான்கிரீட் சரிவு இருந்தது. ஒவ்வொரு தடவையும் இழுத்து ஏற்றி, இழுத்து இறக்கியதில் துணித் தரை அரம்போட்டதுபோல் தேய்ந்து கிழிந்தது. ஒட்டுப் போட்டார்கள். ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டார்கள். மீட்புப் படகு ஒழுகுகிறது என்பதற்காகப் பாய்ப்படகு வகுப்பை நிறுத்தவும் மனமில்லை. 1964ல் ஹோரும் மாணவர்களும் சேர்ந்து ஒரு முரட்டு வைத்தியம் செய்தார்கள். கிழிந்த துணித் தரையை எடுத்துவிட்டு, ஒரு பிளைவுட் பலகையை வெட்டிக் காற்றுக் குழாய்களின் அடியில் ஒட்டிவிட்டார்கள். சரிவில் உரசினாலும் இனி பலகைதானே தேயும்? நோக்கம் அவ்வளவுதான். எந்தப் பிளைவுட்டும் பசையும் நாடெங்கும் கற்றுக்குட்டிகளைக் கடலில் இறக்கிவிட்டனவோ, அதே பிளைவுட்டும் பசையும் இங்கே அவர்களை மீட்கும் படகுக்குள்ளும் நுழைந்தன. அந்தப் படகைத் தண்ணீரில் விட்டு விசையை முறுக்கியபோது நடந்ததை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

படகு பறந்தது. துணித் தரை அலையில் நெளிந்து நெளிந்து இன்ஜினின் பலத்தை விழுங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. பலகை நெளியவில்லை; தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு போயிற்று. தேய்மானத்துக்கு மருந்து தேடியவர்களுக்கு வேகம் கிடைத்திருந்தது. ஆனால் கரையைத் தாண்டிச் சற்று உள்ளே போனதும் சந்தோஷம் போயிற்று. தட்டையான பலகை ஒவ்வொரு அலையிலும் அறைந்தது. உட்கார்ந்திருந்தவர்களின் முதுகெலும்பு கழன்றுவிடும் போலிருந்தது. இப்படியே விட்டால் இது குளத்துக்குத்தான் லாயக்கு.

இங்கேதான் ஹோரின் பொறியாளர் மூளை வேலை செய்தது. தட்டையான பலகைக்குப் பதிலாக, முன்பக்கம் ஆழமான வி வடிவில் இறங்கி, பின்னால் போகப் போகத் தட்டையாகும் ஒரு கெட்டியான உடலைச் செய்து, அதைச் சுற்றிக் காற்றுக் குழாயை ஒட்டினார்கள். முன்பக்கத்துக் கூர் அலையைப் பிளந்தது. பின்பக்கத் தட்டை வேகம் கொடுத்தது. ஓடும்போது குழாய்கள் தண்ணீரைத் தொடுவதே இல்லை. வளைந்து திரும்பும்போது மட்டும் ஒரு பக்கக் குழாய் தண்ணீரில் அழுந்திப் படகைத் தாங்கிக்கொண்டது. நின்றவுடன் இரண்டு குழாய்களும் அமர்ந்து, ஆள் ஏறினாலும் கவிழாமல் நிறுத்திவைத்தன. உள்ளே தண்ணீர் நிரம்பினாலும் முழுகாது. கெட்டி உடலின் கூர்மையும் காற்றுப் பையின் மென்மையும் ஒரே படகில் சேர்ந்துவிட்டன. எத்தேலில் இல்லாமல் போனது எதுவோ அது. அட்லான்டா என்று பெயர் வைத்தார்கள். அடுத்து ட்ரைட்டன் என்ற படகு. ஆர்.என்.எல்.ஐ. அதிகாரிகள் கோட்டைக்கே வந்து பார்த்தார்கள். ஆனால் உடனே வாங்கிக்கொண்டு போய்விடவில்லை.

குறை இருந்தது. கெட்டியான உடலும் நெகிழும் குழாயும் சேரும் இடம்தான் பலவீனம். ஒன்று அசையாது, மற்றொன்று அசைந்துகொண்டே இருக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது பசை. எந்தப் பசை, எவ்வளவு அகல ஒட்டு, குழாய்க்குள் எவ்வளவு காற்று என்று ஒவ்வொன்றையும் செய்து கெடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கல்லூரிப் பட்டறையில் எக்ஸ் என்ற எழுத்தோடு எண் போட்டுச் சோதனைப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. காலையில் கணக்குப் பாடம், மதியம் படகு கட்டுதல். கட்டிய பையன்களே அதைக் கடலுக்குள் கொண்டுபோய் உடைக்கப் பார்த்தார்கள். எந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்திலும் இப்படிப்பட்ட சோதனையாளர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. பதினேழு வயதுக்காரர்கள் ஒரு படகைப் படுத்தும் பாட்டை வேறு யாரால் படுத்த முடியும்? ஆனால் வெளியுலகம் இதையெல்லாம் பள்ளிக்கூட விளையாட்டாகவே பார்த்தது, 1969 வரை.

அந்த வருடம் பிரிட்டன் தீவைச் சுற்றி முதல்முறையாக விசைப்படகுப் பந்தயம் ஒன்று நடந்தது. பெரிய பெரிய இன்ஜின்களோடு பளபளக்கும் பந்தயப் படகுகள் வரிசையில் நின்றன. நடுவே மாணவர்கள் கட்டிய 21 அடிப் படகு ஒன்று, காற்றடைத்த குழாய்களோடு, சைக்கடெலிக் சர்ஃபர் என்ற பெயரோடு. 1969 அல்லவா, பெயரும் அப்படித்தான் இருக்கும். ஜான் கால்கட் என்பவரும் அவருடைய இரண்டு நண்பர்களும் அதை ஓட்டினார்கள். தலைக்கு மேலே கூரைகூட இல்லை. வடகடலின் குளிரிலும் அலையிலும் எத்தனையோ ஆடம்பரப் படகுகள் பாதியில் விலகின. ரப்பர் படகு விலகவில்லை. முழுச் சுற்றையும் முடித்து 19வதாக வந்து சேர்ந்தது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பொம்மை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதே ஆண்டில் வேல்ஸின் ஏவான் நிறுவனம் இதே வகைப் படகை சீரைடர் என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது.

1969ல் கோட்டையில் இன்னொன்றும் நடந்தது. 1967லிருந்து அங்கே பெண்களும் படித்தார்கள். நார்வேயிலிருந்து வந்த எலிசபெத் ஹோஸ்ட்வெட் என்ற 18 வயது மாணவி, ஆர்.என்.எல்.ஐ.யின் கரையோர மீட்புப் படகைத் தலைமையேற்று ஓட்டத் தகுதி பெற்றார். ஆர்.என்.எல்.ஐ.யின் வரலாற்றில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் பெண் அவர்தான். தாடி வைத்த மீனவத் தாத்தாக்களின் உலகம் என்று பெயரெடுத்த உயிர்காப்புப் பணியில் ஒரு பள்ளி மாணவி சுக்கானைப் பிடித்தார். ஆனால் அவர் பிடித்த சுக்கானுக்குரிய படகு வகை மாறுவதற்கான வேலை அப்போதே ஆரம்பித்துவிட்டது.

ஆர்.என்.எல்.ஐ. கௌஸ் என்ற ஊரிலிருந்த தன் தளத்தில் ஹோரின் படகை எடுத்துப் பிரித்து மேய்ந்தது. அவர்கள் சேர்த்த முக்கியமான விஷயம் பின்பக்கத்தில் ஒரு வளைவுக் கம்பி. அதன் உச்சியில் மடித்துவைத்த ஒரு பை. படகு தலைகீழாகக் கவிழ்ந்தால், நீருக்குள் இருக்கும் மீட்பர் கயிற்றை இழுப்பார். வாயு பாய்ந்து பை உப்பும். படகு தானே புரண்டு நிமிரும். தண்ணீரில் மூழ்கி எழுந்த இன்ஜினையும் அங்கேயே மறுபடி உயிர்ப்பிக்கும்படி செய்தார்கள். 1972ல் அது பணிக்கு வந்தபோது, நீளம் 21 அடி என்பதால் 21 என்ற எண்ணும், பிறந்த இடத்துக்கு மரியாதையாகக் கல்லூரியின் பெயரும் சேர்ந்து, அட்லாண்டிக் 21 ஆயிற்று.

அடியில் கெட்டியான உடல், சுற்றிலும் காற்றடைத்த குழாய்: ஆங்கில எழுத்துகளில் சுருக்கி ரிப் என்று உலகம் அழைக்கும் படகு அது. இன்று கப்பல்களின் பக்கவாட்டில் தொங்குவது அதுதான். கடற்படை வீரர்கள் கடத்தல்காரர்களைத் துரத்துவதும், கிரீன்பீஸ் ஆர்வலர்கள் பெரிய கப்பல்களுக்குக் குறுக்கே பாய்வதும், சுற்றுலாப் பயணிகள் திமிங்கலம் பார்க்கப் போவதும் அதில்தான். இந்தியக் கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பல்களும் அதைச் சுமந்துகொண்டுதான் வங்கக் கடலில் சுற்றுகின்றன. ஆர்.என்.எல்.ஐ.யில் அதன் பேரப்பிள்ளையான அட்லாண்டிக் 85 இப்போது பணியில் இருக்கிறது. இவ்வளவு பரவிய ஒரு பொருளின் காப்புரிமை யாரிடம் இருந்தது என்ற கேள்விக்குத்தான் இந்தக் கதையின் விசித்திரமான பதில் இருக்கிறது.

ஹோர் விவரமறியாதவர் அல்ல. முறைப்படி காப்புரிமை வாங்கியிருந்தார். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படகுக்கும் ஒரு தொகை கேட்டிருந்தால் செல்வந்தராகியிருக்கலாம். 1973ல் அவர் அதை ஆர்.என்.எல்.ஐ.க்கு விற்றார். விலை 1 பவுண்டு. ஆர்.என்.எல்.ஐ. ஒழுங்காகக் காசோலை எழுதிக் கொடுத்தது. அதை அவர் பணமாக மாற்றவே இல்லை.

கல்லூரிக் கரையிலிருந்த மீட்பு நிலையம் அரை நூற்றாண்டு இயங்கி 2013ல் மூடப்பட்டது. அதுவரை அங்கே படகை ஓட்டிப் போனவர்கள் பெரும்பாலும் பதின்வயது மாணவர்கள்.